இந்தச் சோதனைத் திட்டத்தில் கையெழுத்திட மாட்டோம்

சிரிஞ்ச் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கும், வடிவமைப்பு, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கும், இதே வார்ப்பில் சோதனைத் திட்டம் எழுதி வைத்திருக்கும் மற்ற நிறுவனங்களுக்கும்,

சிரிஞ்சில் உள்ள மருந்தைக் குறித்த வேகத்தில் நோயாளிக்குச் செலுத்தும் உங்கள் புதிய சிரிஞ்ச் பம்பை, பயன்படுத்துபவர்கள் தவறில்லாமல் இயக்குகிறார்களா என்று பார்க்கும் இறுதிப் பயன்பாட்டுச் சோதனைத் திட்டம் மதிப்பாய்வுக்காக எங்களுக்கு வந்தது. நான்கு பக்கம். நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களும் மருத்துவக் கருவிப் பொறியாளர்களும். படித்துவிட்டு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தோம். "தேதி குறித்தாகிவிட்டது, உங்கள் குறிப்புகளை அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அடுத்த மாடல் வரும்வரை கட்டில் ஓரத்தில் ஓடப்போவது இந்த மாடல்தான். அதனால் பொதுவில் எழுதுகிறோம். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஏனென்றால் இதே நான்கு பக்கம், கருவியின் பெயர் மட்டும் மாறி, வேறு பல இடங்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

திட்டத்தில் இருப்பது இது. பங்கேற்பாளர் 10 பேர்: ஆறு பேர் உங்கள் ஊழியர்கள், நான்கு பேர் டீலர்களிடம் டெமோ காட்டுபவர்கள். இடம் அலுவலகக் கூட்ட அறை. ஆளுக்கு அரை மணி நேரம், ஒரே நாளில் முடிவு. மேசைமேல் ஒரு பம்ப், பக்கத்தில் கையேடு. பணிகள் ஒன்பது. அவற்றில் 'பம்பை ஆன் செய்யவும்', 'திரை வெளிச்சத்தை மாற்றவும்' என்பவையும் சேர்த்தி. கடைசியில் 'பயன்படுத்த எளிதாக இருந்ததா?' என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 90 சதவீதம் வந்தால் தேர்ச்சி.

இதற்கு டெமோ என்று பெயர் வைக்கலாம். சோதனை என்ற பெயர் பொருந்தாது. எங்கே கை தவறும், தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இந்த நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

உங்கள் பொறியியல் வேலையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஓட்டத் துல்லிய அறிக்கையைப் பார்த்தோம். இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது, நல்ல வேலை. ஆனால் செவிலியர் பத்து மடங்கு டோஸை அழுத்திவிட்டால், அந்தப் பத்து மடங்கையும் அதே இரண்டு சதவீதத் துல்லியத்தோடு உங்கள் பம்ப் செலுத்தும். மோட்டாரைச் சோதித்த அக்கறையில் பாதியாவது மனிதக் கையும் கருவியும் சந்திக்கும் இடத்துக்கு வேண்டும் என்கிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலின் 4 மில்லிகிராம், 50 மி.லி. சிரிஞ்சில் கலந்தாயிற்று. ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியது நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் மணிக்கு 4.5 மி.லி. புள்ளிப் பொத்தான் சரியாக அழுந்தாமல் போனால் திரையில் 45. கையுறையோடு, அதுவும் ஈரக் கையுறையோடு, அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தும்போது இது நடக்கும். பெரியவர் ஒருவருக்கு மணிக்கு 45 மி.லி. என்பது எத்தனையோ மருந்துகளுக்குச் சாதாரண வேகம்தான். பம்புக்கும் சந்தேகம் வராது, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் வராது. இரத்த அழுத்தம் மானிட்டரில் எகிறும்போதுதான் தெரியும்.

இன்னொரு வழியிலும் தவறலாம். உங்கள் திரையில் 'மைக்ரோகிராம்/நிமிடம்', 'மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம்' இரண்டும் அடுத்தடுத்த வரியில், ஒரே எழுத்தளவில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. ஒரு வரி மாறித் தேர்ந்தால் 0.1 என்பது மணிக்கு 0.075 மி.லி. ஆகிவிடும். அதாவது மருந்தே போகாது. மூன்றாவது வழியும் உண்டு. பம்பை அணைக்காமல் அடுத்த கட்டிலுக்கு நகர்த்தினால் முந்தைய நோயாளியின் எடை அப்படியே நிற்கிறது. 60 கிலோ என்று நின்று, புதியவர் 40 கிலோவாக இருந்தால், அவருக்குப் போவது எழுதிய டோஸைவிட 50 சதவீதம் அதிகம். எடையை மறுபடி கேட்காமல் பம்ப் ஓடத் தொடங்குகிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் ஒன்பது பணிகளில் வரவில்லை.

பணிப் பட்டியல் எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதில்தான் அடிப்படைப் பிழை. நீங்கள் மெனுவை மேலிருந்து கீழாகப் படித்துப் பணிகளை எழுதியிருக்கிறீர்கள். மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62366-1 கேட்பது வேறு. ஆபத்து மேலாண்மைக்கான தரமான ஐ.எஸ்.ஓ. 14971 படி ஆபத்துப் பகுப்பாய்வு செய்து, பயன்பாட்டில் எந்த இடறல் எந்தத் தீங்கில் முடியும் என்று கண்டு, அந்த ஆபத்தான காட்சிகளிலிருந்து பணிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. திரை வெளிச்சத்தைக் கூட்டத் தெரியாததால் யாருக்கும் உயிர் போகாது. சிரிஞ்சைச் சரியாகப் பொருத்தாததால் போகலாம்.

சிரிஞ்ச் பொருத்துவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பம்புக்கு வெளியே நிற்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். சிரிஞ்சின் உடல் பிடிக்குள் அமர வேண்டும், அதன் காது பள்ளத்துக்குள் நுழைய வேண்டும், பிஸ்டனின் தலையைத் தள்ளுகட்டையின் கொக்கி கவ்வ வேண்டும். மூன்றும் அமர்ந்தால்தான் பொருத்தியதாக அர்த்தம். கொக்கி கவ்வாமல், பம்ப் நோயாளியின் மட்டத்துக்கு மேலே மாட்டியிருந்தால், மோட்டார் தள்ளாமலே புவியீர்ப்பில் மருந்து தானாக இறங்கும். பல பம்புகளில் இதைக் கண்டறியும் உணரி உண்டு, உங்களிலும் உண்டு. ஆனால் பாதி கவ்விய நிலையை அது பிடிக்கிறதா என்பதை ஒரு செவிலியர் அவசரத்தில் ஒற்றைக் கையால் பொருத்தும்போது பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு கையாலும், உட்கார்ந்து, வெளிச்சத்தில் பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்தது சிரிஞ்ச் பிராண்ட். 50 மி.லி. என்று அச்சிட்ட எல்லா சிரிஞ்சுக்கும் உள்விட்டம் ஒன்றல்ல. 29 மி.மீ. என்று பம்ப் கணக்கிட, உண்மையில் 28 மி.மீ. இருந்தால், செலுத்தும் அளவு சுமார் 7 சதவீதம் குறையும். நீங்கள் பாடுபட்டு எட்டிய இரண்டு சதவீதம் அங்கேயே போய்விட்டது. மருத்துவமனை ஸ்டோரில் இந்த மாதம் ஒரு பிராண்ட் வரும், அடுத்த மாதம் வேறு வரும். செவிலியர் கைக்குக் கிடைப்பதை எடுப்பார். உங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் மேலே முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பார், அல்லது ஏற்கெனவே நிற்பதை அப்படியே விட்டுவிடுவார். சோதனை மேசையில் குறைந்தது மூன்று பிராண்ட் சிரிஞ்சுகள் கலந்து கிடக்க வேண்டும். அவற்றில் ஒன்று உங்கள் பட்டியலில் இல்லாததாக இருக்க வேண்டும். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதே நமக்கு வேண்டிய விடை.

அடைப்பு அலாரத்துக்கும் ஒரு பணி வேண்டும். குழாயில் உள்ள மூவழித் திருகு (த்ரீ-வே) மூடியிருப்பதைக் கவனிக்காமல் பம்பை ஓடவிட்டால், மணிக்கு 1 மி.லி. போன்ற குறைந்த வேகத்தில் 50 மி.லி. சிரிஞ்சில் அலாரம் அடிக்க அரை மணிக்கு மேல் ஆகலாம். அழுத்த வரம்பு உயரமாக வைத்திருந்தால் ஒரு மணியும் தாண்டும். அத்தனை நேரமும் நோயாளிக்கு மருந்து இல்லை. அலாரம் அடித்ததும் கை இயல்பாகப் போவது த்ரீ-வேக்குத்தான். திறந்தவுடன் குழாயில் சேர்ந்திருந்த அழுத்தம் முழுவதும் மருந்தை ஒரே மூச்சில் இரத்த நாளத்துக்குள் இறக்கும். முதலில் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். உங்கள் திரை அந்த நேரத்தில் 'அடைப்பு' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் காட்டுகிறது. அடுத்து என்ன செய்வது என்று சொல்லவில்லை. சோதனையில் ஒரு மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. மூடிய குழாயில் முன்கூட்டியே அழுத்தம் ஏற்றி வைத்துவிட்டு, பங்கேற்பாளர் அறைக்குள் வந்ததும் அலாரம் அடிக்கும்படி செய்யலாம்.

மேசைமேல் ஒரே ஒரு பம்ப் வைத்திருக்கிறீர்களே, அதுவும் சரியில்லை. வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பம்ப் என்பது அபூர்வம். ஒரே ஸ்டாண்டில் மூன்று, நான்கு நிற்கும், எல்லாம் ஒரே முகம். நார்அட்ரினலினைக் கூட்டப்போய் மயக்க மருந்தைக் கூட்டுவது இப்படித்தான் நடக்கும். அலாரம் அடித்தால் எது அடிக்கிறது என்று காதால் பிரிக்க முடியாது, விளக்கைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவக் கருவி அலாரங்களுக்கான தரமான ஐ.இ.சி. 60601-1-8, அலாரம் விளக்கு 4 மீட்டர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்கிறது. நீங்கள் அரை மீட்டரில் வைத்துப் பார்க்கிறீர்கள். மூன்று பம்பை ஸ்டாண்டில் மாட்டுங்கள். குழாய்களைக் கொஞ்சம் பின்னிக் கிடக்க விடுங்கள். பங்கேற்பாளரை அடுத்த கட்டிலில் நிறுத்தி, ஒன்றில் அலாரம் எழுப்புங்கள்.

அறையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் சத்தத்தைப் பகலில் ஒரு முறையும் இரவு இரண்டு மணிக்கு ஒரு முறையும் டெசிபல் மீட்டரால் அளந்து, பதிவு செய்து, சோதனை அறையில் அதே அளவில் ஒலிக்க விடுங்கள். ஒரு காட்சியையாவது இரவு வெளிச்சத்தில் நடத்துங்கள். 108 ஆம்புலன்ஸிலும் பயன்படும் என்று உங்கள் விளம்பரத் தாளில் இருக்கிறது. அப்படியானால் நின்றிருக்கும் ஆம்புலன்ஸில் இன்ஜினை ஓடவிட்டு, பக்க இருக்கையில் உட்கார்ந்தபடி சிரிஞ்ச் மாற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது என்றால் அந்த வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் போகும் காட்சியும் வேண்டும்: ஸ்விட்ச்போர்டில் யாரோ வேறு பிளக்கைச் சொருக உங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பம்ப் பேட்டரிக்கு மாறியது செவிலியருக்கு எத்தனை நிமிடத்தில் தெரிகிறது? பேட்டரி தீரும் அலாரம் வரும்வரை தெரியவே இல்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரை அழைப்பது என்பதற்கு வருகிறோம். உங்கள் ஊழியர் ஆறு பேருக்கும் அந்த மெனு எங்கே போகும் என்று தூக்கத்திலும் தெரியும். டெமோ காட்டுபவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் இறுதிச் சோதனையில் இருக்கவே கூடாது. உங்கள் பம்புக்குக் குறைந்தது மூன்று வேறுபட்ட பயனர் குழு உண்டு: பெரியவர்களுக்கான ஐ.சி.யூ. செவிலியர், பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர், ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர். பச்சிளங்குழந்தைப் பிரிவைத் தனிக் குழுவாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் எண்கள். அங்கே வேகம் மணிக்கு 0.3 மி.லி. என்ற அளவில் இருக்கும். உங்கள் திரை அதை முன்பூஜ்யம் இல்லாமல் '.3' என்று காட்டுகிறது. புள்ளி கண்ணில் படாமல் போனால் அது 3. பெரியவர் பிரிவில் '5.0' என்று தேவையில்லாத பூஜ்யத்தோடு காட்டுகிறீர்கள். புள்ளி மங்கினால் 50. இரண்டையும் சோதனைக்கு முன்பே திருத்திவிடலாம். இதற்கு ஒரு செவிலியரின் நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர்? ஐ.இ.சி. 62366-1 எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இறுதிச் சோதனைக்குக் குழுவுக்குக் குறைந்தது 15 பேர் என்று இருக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்போம். இருபதில் ஒருவர் செய்யக்கூடிய பிழை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 10 பேரை வைத்துச் சோதித்தால் அது ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் போக 60 சதவீத வாய்ப்பு. 15 பேர் என்றாலும் 46 சதவீதம். மூன்று குழுவும் சேர்ந்து 45 பேர் என்றால்தான் அது 10 சதவீதமாகக் குறைகிறது. எல்லாக் குழுவும் செய்யக்கூடிய பொதுவான பிழைகளுக்குத்தான் இந்தக் கணக்கு. இருபதில் ஒருவர் என்பது அரிய பிழை அல்ல. ஒரு நாளில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் எத்தனை சிரிஞ்ச் மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் புரியும்.

இந்த எண்ணிக்கைக்குள்ளும் கலவை வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத ஒப்பந்தச் செவிலியர், இருபது வருட அனுபவமுள்ளவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுபவர், வேறு கம்பெனிப் பம்பில் பழகியவர் எல்லாரும் வேண்டும். கடைசியில் சொன்னவர்கள் முக்கியம். பழைய பம்பில் 'ஸ்டார்ட்' இருந்த இடத்தில் உங்கள் பம்பில், குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற மருந்தை வேகமாகத் தள்ளும் 'பர்ஜ்' இருக்கிறது. பழகிய கை பார்க்காமலே போகும் இடம் அது. நோயாளியோடு குழாய் இணைந்திருக்கும்போது பர்ஜ் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளியின் உடனிருப்பவர்களையும் மறக்காதீர்கள். அலாரம் நிற்காமல் அடித்தால், செவிலியர் அடுத்த வார்டு மூலையில் இருந்தால், அம்மாவோ மகனோ கையை நீட்டிச் சத்தத்தை நிறுத்துவார்கள். அவர்கள் உங்கள் பயனர் பட்டியலில் இல்லை, ஆனால் பொத்தான் அவர்கள் கைக்கு எட்டும். ஒரு காட்சியில் உடனிருப்பவராக ஒருவரை உட்காரவைத்து, அவர் அலாரத்தை அடக்கியபின் வரும் செவிலியருக்கு நடந்தது தெரிகிறதா என்று பாருங்கள்.

பயிற்சி. உங்கள் திட்டத்தில் சோதனைக்குச் சற்று முன் ஒரு மணி நேர வகுப்பு, பிறகு கையேடு கையில். நடைமுறையில் பம்ப் வந்து இறங்கும் நாளில் டியூட்டியில் இருந்த நாலு பேருக்கு இருபது நிமிடம் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நாலு பேரில் இருவர் மாறுதலில் போவார்கள். மற்றவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்பார்கள். கையேடு பீரோவுக்குள் போகும். பங்கேற்பாளர்களில் பாதிப் பேருக்கு அந்த இருபது நிமிடம் மட்டும் கொடுத்து, குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டுச் சோதியுங்கள். மீதிப் பேருக்குப் பயிற்சியே வேண்டாம். பம்பில் தொங்கவிடும் சுருக்க அட்டை மட்டும் இருக்கட்டும்.

பணியை எப்படிச் சொல்கிறோம் என்பதில் பாதிச் சோதனை கெட்டுப்போகும். உங்கள் திட்டத்தில் உள்ள வாக்கியம்: 'டோஸ் மோடுக்குச் சென்று, எடை 60 எனக் கொடுத்து, 0.1 எனப் பதிந்து, ஸ்டார்ட்டை அழுத்தவும்.' வழி முழுவதையும் சொல்லிவிட்டு நடக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறீர்கள். இதற்குப் பதிலாகக் கையில் ஒரு கேஸ் ஷீட்டைக் கொடுங்கள். டாக்டர் கையெழுத்தில் மருந்து, கலவை, டோஸ், எடை. 'இந்த நோயாளிக்கு இதைத் தொடங்குங்கள், சிஸ்டர்.' அவ்வளவுதான். பாதியில் ஒரு போன் வரட்டும், அல்லது பக்கத்துக் கட்டிலில் இருந்து 'சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு' என்று ஒருவர் கூப்பிடட்டும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாரா, எண்ணைப் பாதியில் விட்டுவிட்டாரா, பம்ப் அவருக்கு நினைவூட்டுகிறதா என்று கவனியுங்கள்.

நடத்துபவர் உதவக் கூடாது. முகபாவத்திலும் உதவக் கூடாது. பொறியாளர்களுக்கு இது கடினம். தான் செய்த பொத்தானை ஒருவர் தேடித் திணறும்போது விரல் தானாக நீளும். அதனால் வடிவமைத்தவர் அறைக்குள் இருக்க வேண்டாம், கண்ணாடிக்குப் பின்னாலோ வீடியோவிலோ பார்க்கட்டும். கண்காணிப்புச் செவிலியரோ உங்கள் மேலாளரோ உள்ளே நிற்கவே கூடாது. அவர்கள் நின்றால், இடறிய ஒவ்வொருவரும் "என் தப்புதான் சார், நான்தான் கவனிக்கல" என்பார்கள். எங்கள் தொழிலில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பதிலை நீங்கள் 'மூல காரணம்: கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடுவீர்கள். அந்த வார்த்தை எதையும் விளக்குவதில்லை. இன்சுலினைப் பாருங்கள். நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் மருந்தும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் போகும். இத்தனை வருடமும் இத்தனை பேரும் கவனக்குறைவானவர்களா? சிவப்பையும் ஆரஞ்சையும் பக்கத்தில் வைத்த ஏற்பாட்டைத்தான் கேட்க வேண்டும்.

எனவே பணி முடிந்தபின் "அந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்? திரை என்ன சொல்வதாக எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். சரியாக முடித்தவரையும் கேளுங்கள். அதிர்ஷ்டத்தில் முடித்தவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு பணிக்கும் நான்கில் ஒன்றைப் பதியுங்கள்: சரியாக முடித்தார், திணறி முடித்தார், தவறிப் பிடித்துக்கொண்டார், தவறினார். மூன்றாவது வகையை யாரும் எழுதுவதில்லை. 45 என்று போட்டுவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்துமுன் பார்த்துத் திருத்தியவர் அந்த வகை. இரவு டியூட்டியில் அவர் பார்க்காமலும் போகலாம்.

இங்கேதான் உங்கள் 90 சதவீதத்தை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். உயிரோடு தொடர்புள்ள பணியில் தேர்ச்சி விகிதம் என்று ஒன்று கிடையாது. 45 பேரில் ஒருவர் பத்து மடங்கு டோஸைத் தொடங்கினால் உங்கள் கணக்கில் அது 98 சதவீத வெற்றி. எங்கள் கணக்கில் அது ஒரு நோயாளி. ஒரே ஒரு தவறுக்கும் மூல காரணம் எழுதப்பட வேண்டும், வடிவமைப்பில் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கப்பட வேண்டும், முடியாது என்றால் ஏன் என்று காரணம் காட்டப்பட வேண்டும். 'பயிற்சியில் வலியுறுத்தப்படும்' என்பதைக் கடைசி வழியாக மட்டும் ஏற்போம். மாற்றம் செய்தால், மாற்றம் தொட்ட பணிகளைப் புதிய ஆட்களை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் இறுதிச் சோதனையில் திடீரென்று தெரியவந்தால் உங்களுக்கும் நஷ்டம்தான். அதனால்தான் அதற்கு முன் சிறு சுற்றுகள் வேண்டும். ஐந்தாறு செவிலியர், அரைகுறை மாதிரி, ஒரு நாள், திருத்தம், மறுபடி ஐந்தாறு பேர். மூன்று சுற்று போதும். திரை இன்னும் தயாராகாத நாளிலேயே தாளில் வரைந்து காட்டித் தொடங்கலாம். இறுதிச் சோதனைக்கு முன் இரண்டு பேரை வைத்து முழு ஒத்திகை பாருங்கள். அலாரம் எழுப்பும் ஏற்பாடு அன்றுதான் வேலை செய்யாமல் போகும். ஒருவருக்கு 90 நிமிடம் ஒதுக்கினால் ஒரு நாளுக்கு மூன்று பேர்தான் முடியும். 45 பேருக்கு 15 வேலை நாள். ஒரே நாளில் முடிக்க நினைத்ததில்தான் எல்லாம் சுருங்கிப்போனது.

சின்னதாகத் தெரியும் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். சிரிஞ்சுகளில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், ஆனால் மேலே நார்அட்ரினலின் என்று லேபிள் ஒட்டியிருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 'சோதனைக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதுங்கள். தொடங்கும்போது எண்ணுங்கள், முடிந்ததும் எண்ணுங்கள், எண்ணிக்கை சரியான பிறகே அறையைத் திறங்கள். மருத்துவமனை வளாகத்தில் நடத்தினால் வார்டிலிருந்து தள்ளிய அறையாக இருக்கட்டும். நோயாளியோடு இணைத்த பம்பில் எந்தச் சோதனையும் வேண்டாம். வீடியோவுக்குத் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் கொடுங்கள். கையும் திரையும் பதிவானால் போதும், முகம் தேவையில்லை. நைட் டியூட்டி முடித்தவரை அப்படியே அழைத்து வராதீர்கள். வருபவருக்கு அன்றைய டியூட்டியிலிருந்து விடுப்பும், நேரத்துக்கு உரிய பணமும் தர வேண்டும்.

இத்தனைக்கும் என்ன அவசியம் என்று கேட்பீர்களானால், 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் (சிரிஞ்ச் பம்பும் இதில் ஒரு வகை) தொடர்பாக எஃப்.டி.ஏ.வுக்கு வந்த பாதக அறிக்கைகள் சுமார் 56,000. அதே காலத்தில் பம்புகளைத் திரும்பப் பெற்ற நடவடிக்கைகள் 87. மென்பொருள் கோளாறு, திரை-பொத்தான் வடிவமைப்பு, இயந்திர, மின் கோளாறு எனக் காரணங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. நம்மிடம் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 இருக்கிறது. ஆபத்து கூடிய சி, டி வகுப்புக் கருவிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயம். கருவியால் நேர்ந்த பாதகங்களைப் பதிய 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. உரிமத்துக்கான கோப்பில் ஓர் அறிக்கை இருந்தால் போதும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கோப்பு நிறைந்த பிறகும் பம்ப் கட்டிலோரத்தில் பத்து வருடம் ஓடும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

குறித்த தேதியில் நடக்கவிருக்கும் சோதனையை நிறுத்துங்கள். அதன் பதிவுகளை இறுதிச் சோதனை என்ற பெயரில் எங்கும் சமர்ப்பிக்காதீர்கள்.

பயன்பாடு சார்ந்த உங்கள் ஆபத்துப் பகுப்பாய்வை எங்களுக்குக் காட்டுங்கள். டோஸ் பதிவு, அலகுத் தேர்வு, எடை, சிரிஞ்ச் பொருத்துதல், பிராண்ட், அடைப்பு, அவசர மருந்தின் சிரிஞ்ச் மாற்றம், மின்வெட்டு, பல பம்புகளுக்கு நடுவே அலாரம் ஆகியவை அதில் இருந்து பணிகளாக வர வேண்டும். அவசர மருந்து ஓடும்போது சிரிஞ்சை மாற்றுவதற்கு நேர அளவும் வையுங்கள். அந்த இடைவெளியில் இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்.

மூன்று பயனர் குழு, குழுவுக்கு 15 பேர். உங்கள் ஊழியர், டீலர் ஆட்கள் யாரும் வேண்டாம்.

90 சதவீதத் தேர்ச்சி வரியை நீக்குங்கள். ஒவ்வொரு தவறுக்கும், ஒவ்வொரு தவறிப் பிடித்த தருணத்துக்கும் மூல காரணம் எழுதுங்கள்.

முன்பூஜ்யம், பின்பூஜ்யம், எடையை மறுபடி கேட்பது, அடுத்தடுத்த அலகு வரிகள் ஆகிய நான்கையும் சோதனைக்குக் காத்திராமல் இப்போதே திருத்துங்கள்.

கருவி வாங்கும் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம். டெண்டரில் 'பயன்பாட்டுச் சோதனை அறிக்கை இணைக்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். பங்கேற்றவர்கள் யார், எத்தனை பேர், என்ன பணிகள், எத்தனை தவறு, அதற்குப்பின் என்ன மாற்றினார்கள் என்ற ஐந்தையும் கேளுங்கள். தவறே நடக்கவில்லை என்று ஓர் அறிக்கை வந்தால் அதைத் திருப்பி அனுப்பிக் கேள்வி கேளுங்கள்.

திருத்திய திட்டத்தை அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் வரிக்கு வரி படித்துப் பதில் தருகிறோம். செவிலியர்களைக் கண்டுபிடிக்கவும், வார்டுச் சத்தத்தை அளக்கவும், கேஸ் ஷீட் தயாரிக்கவும் கூடவே இருக்கிறோம். கையெழுத்துக்கான கட்டம் அதுவரை காலியாகவே இருக்கும்.

இப்படிக்கு,
மதிப்பாய்வுக்கு அழைக்கப்பட்ட செவிலியர்களும் மருத்துவக் கருவிப் பொறியாளர்களும்